நொட்டாங்கைக் குழி

பாய்,

இன்று காலை பஸ் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் ரோட்டில் ஏறியதும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். புதிதாக வரப்போகும் தொழிற்பேட்டைக்கு மண்பாதை போடுகிறார்கள். புழுதி அடங்குவதற்காக மணல்மேல் வேஸ்ட் ஆயிலை ஊற்றிக்கொண்டே போகிறது ஒரு லாரி. வெயிலில் காய்ந்த மணலும் கருப்பு ஆயிலும் கலந்த அந்த வாசனை அடித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. பக்கத்தில் இருந்தவர், “இன்னா சார், வாந்தி வருதா? டிரைவராண்ட சொல்லட்டுமா?” என்று கேட்டார். “இல்லைங்க, கோல்ஃப் ஞாபகம் வந்துடுச்சு,” என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கோல்ஃப் என்றால் பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கால்சட்டை, குடை பிடித்துக்கொண்டு பின்னால் வரும் ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எண்ணெய் மணலில் வெறுங்காலோடு நின்று, ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் பந்து என்ன ஆயிற்று என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற கோல்ஃபை ஆடியவர்கள் நாம் மட்டும்தான். ஆபீஸுக்குப் போனதும் வேலை ஓடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் போய் ஐம்பது நாள் ஆகிறது, இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அறுபதுகளின் பின்பாதியில், நம் வார்ப்படக் கம்பெனிக்குக் கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்தார் மேனேஜர். வந்த முதல் வாரமே வேலிக்குப் பின்னால் ஏரி வரைக்கும் கிடந்த கம்பெனி நிலத்தைப் போய்ப் பார்த்தார். கருவேலம் புதர், நாலைந்து பனை, தூர்ந்துபோன ஒரு கிணறு. வேறு யாராவது பார்த்திருந்தால் பாம்பு இருக்கும் என்று திரும்பியிருப்பார்கள். அவர் கண்ணுக்கு அங்கே கோல்ஃப் மைதானம் தெரிந்தது. புல் வளர்க்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னதற்கும் அசரவில்லை. கோல்ஃபில் பந்து கடைசியாக உருண்டு குழிக்குள் விழுகிற வட்டத்துக்கு ‘கிரீன்’ என்று பெயர். புல் இல்லாத ஊர்களில் மணலில் எண்ணெய் கலந்து உருட்டித் தேய்த்து அதே வட்டத்தைச் செய்வார்களாம், அதற்கு ‘பிரௌன்’ என்று பெயராம். நம் கம்பெனியில் வார்த்துத் தீர்ந்த மணல் மலையாகக் கிடந்தது. லாரி ஷெட்டில் வேஸ்ட் ஆயில் பீப்பாய் பீப்பாயாக இருந்தது. கோல்ஃபுக்கென்றே பிறந்த கம்பெனி நம்முடையது என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

குழிக்குள் பதிக்க நாலேகால் அங்குல வாய் உள்ள ஆறு இரும்புக் குவளைகள் வேண்டும் என்று மெஷின் ஷாப்புக்கு ஆர்டர் வந்தது. லேத்தில் இரும்பு கடையும் டர்னர் நீங்கள்தான். எதற்கு என்று தெரியாமலே நூலிழை பிசகாமல் கடைந்து கொடுத்தீர்கள். “எதுக்கு பாய் இவ்ளோ பாக்கறீங்க, மண்ணுல பொதைக்கப் போற சாமான்தானே,” என்று நான் கேட்டபோது, “மண்ணுக்குள்ள போனாலும் அளவு அளவுதான் சாமி,” என்றீர்கள். அளவு பற்றி உங்களுக்கு இருந்த அந்தக் கண்டிப்பில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

நான் அப்போது டிராயிங் ஆபீஸில் புது டிரேஸர். மூலப்படத்தின்மேல் கண்ணாடி மாதிரி துலங்கும் துணியைப் பரப்பி, மையால் நகல் எடுப்பதுதான் என் வேலை. திருவள்ளூரில் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மடைப்பள்ளிக் காரியம். அதை விட்டுவிட்டு மீஞ்சூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் வேலைக்கு வந்தவன் நான். “ஆறு மாசம் தாங்கமாட்டே, கரண்டியைப் பிடிக்க வந்துடுவே,” என்று அப்பா சொல்லியிருந்தார். வந்த மூன்றாம் மாதமே ஒரு பம்ப் உறையின் படத்தில் துளையை இடம் மாற்றிப் போட்டதில், வார்த்த உருப்படி அத்தனையும் உலைக்குத் திரும்பிப் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தப்பு வந்தால் நேரே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் நிரந்தரம் ஆகாதவன்.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தாவிலிருந்து மைதானத்தின் படம் வந்தது. மேனேஜரின் பழைய சிநேகிதர் ஒருவர் வரைந்தது. நீள்சதுரமாக நம் நிலம், அதற்குள் ஆறு ஓட்டங்கள். கோல்ஃபில் குழி என்றால் பள்ளம் மட்டும் இல்லை. பந்தை முதலில் அடிக்கிற மேட்டிலிருந்து அது விழவேண்டிய பள்ளம் வரைக்கும் உள்ள மொத்தத் தூரத்துக்கும் குழி என்றுதான் பெயர். எண்களுக்குப் பதில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று ஆறு வரைக்கும் வைத்திருந்தார் அந்த மனிதர். எழுத்து ஒன்றுகூட இல்லை, வடக்கு காட்டும் அம்பும் இல்லை. அதுவும் டிரேசிங் துணியில் வரைந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு தெரியும்.

இங்கேதான் பாய் என் புத்தி போயிற்று. அந்தத் துணிக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். நம் ஆபீஸில் பளபளப்புப் பக்கம்தான் வரைவோம். கல்கத்தாக்காரர் மங்கல் பக்கம் வரைகிறவர். நான் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் பளபளப்பை மேலே வைத்து, ஏரிக்கோடு கிழக்கே வரும்படி ஊசி குத்தினேன், நகல் எடுத்தேன், வடக்கு அம்புக்குறியை எப்போதும்போல மேலே பார்க்கப் போட்டேன். மைதானம் முழுக்கத் தலைகீழாகத் திரும்பிவிட்டது. வடக்கே ஆரம்பிக்க வேண்டிய குழிகள் தெற்கே ஆரம்பித்தன. ஏரி மட்டும் கிழக்கே அதன் இடத்திலேயே இருந்தது. அந்த நகலை வைத்துக்கொண்டு நிலத்தில் முளை அடித்தது நீங்கள். என் தப்பை நூல் பிடித்து, அங்குலம் பிசகாமல் அடித்தீர்கள்.

அடடா, அந்தக் குழிகள். முதல் குழியில் பந்து விழவேண்டிய இடமெல்லாம் கருவேலம் புதர். இரண்டாவதில் பந்து புறப்படும் மேட்டுக்கு எதிரே, இருபது அடியில், இரண்டு பனை. அந்த இடைவெளியில் ஒரு சைக்கிள்தான் போகலாம். மரத்தில் பட்ட பந்து அடித்தவனையே தேடிக்கொண்டு திரும்பி வரும், எல்லோரும் குனிவோம். ஐந்தாவதில் பந்து கிணற்றுச் சுவரில் பட்டால் முன்னே போகுமா பின்னே போகுமா என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, சிநேகிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆங்கிலத்தில் திட்டுவார். திட்டிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நிற்பார். கூட ஆட அதிகாரிகள் போதாது என்று வார விடுமுறையில் தொழிலாளிகள் எல்லோரும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். மட்டை ஏழு, ஆள் இருபது. லைன் கட்டி நின்று ஆடினோம்.

மூன்றாம் குழியைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் உட்கார முடியவில்லை பாய். நூற்றெண்பது கஜம். வலது கைப்பக்கம் முழுக்க ஏரி. கரை ஒரு இடத்தில் வளைந்து குறுக்கே வந்துவிடும், அதற்கு அந்தப்பக்கம் பிரௌன். அடிக்கிற இடத்திலிருந்து அது துளிக்கூடத் தெரியாது. குருட்டாம்போக்கில்தான் அடிக்க வேண்டும். அதனால் கரைமேல் ஒருவன் நின்றுகொண்டு, பந்து எங்கே விழுந்தது என்று கத்துவான். ‘மணலு’ என்றால் பிழைத்தோம். ‘தண்ணி’ என்றால் போச்சு. பழகாத வலதுகைக்காரன் அடிக்கிற பந்து வலது பக்கமாகத்தான் வளையும். ஆகவே கரைமேலிருந்து வந்ததெல்லாம் தண்ணி, தண்ணி, தண்ணி. வெல்டர், மோல்டர், டைம்கீப்பர், மேனேஜர், எல்லோருக்கும் அதே பதில். ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம், பதில் வந்ததும் வயிறு வலிக்கச் சிரிப்போம், பிறகு அதே குழியில் இன்னொரு தடவை ஆட வரிசையில் போய் நிற்போம். ஒழுங்கான குழியில் யாராவது அப்படித் திரும்பத் திரும்ப நிற்பார்களா?

நீங்கள் மட்டும் முதலில் ஆடவில்லை. கம்பெனி மட்டை ஏழும் வலதுகைக்காரனுக்குச் செய்தவை. உங்களுக்கு இடது கை. சின்ன வயதில் வாத்தியார் அந்தக் கையைக் கயிற்றால் கட்டிப்போட்டதையும், லேத்தில் எல்லாப் பிடியும் தப்பான பக்கம் இருக்கிறது என்று பழகும்வரை உள்ளங்கை தோலுரிந்ததையும் ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். கேன்டீன்காரன் ஒருநாள், “இன்னா பாய், பீச்சாங்கையால டம்ளர வாங்கற,” என்று கேட்டதற்கு டம்ளரை வைத்துவிட்டுப் போனவர், நாலு மாதம் கேன்டீன் வாசலை மிதிக்கவில்லை. வீட்டிலிருந்து நாஷ்டா கட்டிக்கொண்டு வந்தீர்கள். அந்தக் கையைக் கேலி பேசினால் உங்களுக்குப் பொறுக்காது.

ஒரு வாரம் கழித்து, உடைந்த வார்ப்படத் துண்டைத் தேய்த்து, குழாயில் மாட்டி, இடதுகைக்கென்று ஒரு மட்டை செய்துகொண்டு வந்தீர்கள். மூன்றாம் குழி மேட்டில் ஏறி, லுங்கியை மடித்துக் கட்டி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றீர்கள். அடித்த பந்து நேரே ஏரிக்கு மேல் போயிற்று. நாங்கள் சிரிக்கத் தயாரானோம். பாதி வழியில் அது இடது பக்கமாக வளைய ஆரம்பித்தது. வளைந்து வளைந்து தண்ணீரைத் தாண்டி, கரையைத் தாண்டி மறைந்தது. கரைமேல் நின்றவன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறி வந்தான். பிறகுதான் “மணலு” என்றான், அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரலில். இரண்டாவது பந்து, மணலு. மூன்றாவது, மணலு. உங்கள் முகத்தை நான் அன்றுதான் அப்படிப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் மனிதர் பெருநாள் துணி போட்டுக்கொண்டவர் மாதிரி நின்றீர்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்கள் ராஜ்யம். பழவேற்காட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, விடியலில் பஜ்ரு தொழுத கையோடு வந்துவிடுவீர்கள். சித்திரையில் ஏரி வற்றியதும் எல்லோரும் வெடித்த சேற்றில் இறங்கிப் பந்து பொறுக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? வெல்டருடையது, மேனேஜருடையது, என்னுடையது என்று கூடை நிறைந்தது. உங்கள் பந்து ஒன்றுகூட இல்லை. கறுத்துப்போன காலோடு வீட்டுக்குப் போனால் உங்கள் வீட்டம்மா, எனக்கு அக்கா, உங்களை வாசலிலேயே நிற்கவைத்து மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்களாம்.

உங்கள் பந்து மட்டும் எப்படித் திரும்பி வருகிறது என்பது எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது கல்கத்தாப் படம் கையில் அகப்பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததில் மை மங்கல் பக்கம் இருந்தது தெரிந்தது, அந்தப் பக்கத்தை என் பக்கம் வைத்துப் பார்த்தேன். என் நகலோடு ஒத்துப்போகவில்லை. திருப்பினேன், ஒத்துப்போயிற்று. நேரே உங்களிடம்தான் ஓடிவந்தேன். வலதுகைக்காரர்களின் பந்து ஏரிக்குள் போகக்கூடாது என்றுதான் அந்த மனிதர் ஏரியை இடது பக்கம் வைத்திருந்தார், நான் அதை வலது பக்கம் மாற்றிவிட்டேன், இது இடதுகைக்காரனின் மைதானம் ஆகிவிட்டது என்று சொன்னேன். நீங்கள் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

“சாமி, இத்த யாராண்டயும் சொல்லாத. லேத்து, கத்திரிக்கோலு, கதவு தாப்பா, ஒலகத்துல எல்லாமே சோத்தாங்கைக்காரனுக்குத்தான் செஞ்சி வச்சிக்கிறாங்க. தப்பிப் பொறந்து இது ஒண்ணு எனக்குன்னு வந்துக்கீது. அத்தையும் புடுங்கிடாத.”

அந்தப் படத்தை நான் அலமாரியின் அடியில் போட்டேன். ஆனால் தை மாதத்தில், ஏரி தளும்ப நின்றபோது, கல்கத்தாக்காரரே வந்து இறங்கினார். மேனேஜர் அழைத்திருந்தார், தான் வரைந்த மைதானத்தைப் பார்க்க வந்தார். வயதானவர், ஒல்லி, தலையில் தொப்பி. மேனேஜர், அவர், நம்மில் நன்றாக ஆடுகிறவர் என்று நீங்கள், மூன்று பேர் ஆட்டம். நான் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன், மற்ற எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். முதல் குழியில் புதரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். இரண்டாவதில் பனையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். மூன்றாவதில் அடித்தார், தண்ணி. மறுபடி அடித்தார், தண்ணி. தொப்பியைக் கழற்றி ஏரியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், திரும்பி நின்று வடக்கே பார்த்தார். “இந்த ஏரி என் இடது பக்கம் இருந்திருக்க வேண்டும். முழு மைதானமும் திரும்பியிருக்கிறது. யார் செய்தது இது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேனேஜர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். படத்தை நகல் எடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு தப்பு என்றால் வீட்டுக்கு என்று சொன்ன அதே முகம். எனக்கு மடைப்பள்ளிப் புகை மூக்கில் ஏறிவிட்டது. ‘நான்தான் சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

“மொள அடிச்சவன் நான்தான் சார்,” என்றீர்கள் நீங்கள். “எனுக்கு நொட்டாங்கை. படத்தத் திருப்பிப் புடிச்சிட்டேன். நொட்டாங்கைக்காரன்கிட்ட குடுத்தா இன்னா ஆவும், எல்லாம் ஏறுமாறாத்தான் ஆவும்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டார், அதைச் சிநேகிதருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். ஒரு டம்ளருக்காக நாலு மாதம் கேன்டீன் பக்கம் போகாத மனிதர், இருபது பேர் நடுவில் அந்தக் கையை நீங்களே எடுத்துக் கேலிக்குக் கொடுத்தீர்கள். நான் பந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் உங்கள் மட்டையை வாங்கி உருட்டிப் பார்த்தார், ஒரு பந்து அடித்துக் காட்டச் சொன்னார். நீங்கள் அடித்தீர்கள். ஏரிமேல் போய் வளைந்து திரும்பி, மணலு. இன்னொன்று கேட்டார், மணலு. பிறகு உங்கள் மட்டையாலேயே இடது கையில் தானும் முயன்றார், பந்தை விட்டுவிட்டுத் தரையை அடித்தார், உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்தபடியே சிரித்தார். நாலாம் குழிக்கு யாரும் போகவில்லை. மத்தியானம் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் மூன்றாம் குழியிலேயே ஆடினார்கள். புறப்படும்போது மேனேஜரின் தோளில் கைபோட்டு, “ஆயுளில் இவ்வளவு மோசமான குழியை நான் பார்த்ததில்லை. இதை யாரும் தொடக்கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் தொடவில்லை. பங்குனியில் எனக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. அந்தக் குழிக்கு ‘நொட்டாங்கைக் குழி’ என்று பெயர் நிலைத்தது, உங்களுக்கும் ‘நொட்டாங்கை பாய்’ என்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், பாய் படத்தைத் திருப்பிப் பிடித்த கதையைச் சொல்வார்கள். நீங்களும் கூடவே சிரிப்பீர்கள். பன்னிரண்டு வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அதற்குள் உங்கள் முறை வந்துவிடும், ஆட எழுந்து போய்விடுவீர்கள்.

உங்கள் நாற்பதாம் நாள் ஓதலுக்குப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் அங்கேயும் யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். துக்க வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அக்காவைத் தேடிக்கொண்டு உள்ளே போய், “அக்கா, அது பாய் செஞ்ச தப்பு இல்ல. படத்தை மாத்தி எடுத்தது நான். பயத்துல வாய மூடிக்குனு நின்னுட்டேன்,” என்றேன்.

“தெரியும் தம்பி,” என்றார்கள் அக்கா. “அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. சாமி எங்கனா வாயத் தொறந்துடப் போறாரோன்னு பயந்துக்குனே நின்னாராம். படம் தப்புன்னா மறுபடி படம் போட்டு மைதானத்த திருப்பிடுவாங்களாம். நொட்டாங்கையன் பண்ண கூத்துன்னா சிரிச்சிட்டு வுட்டுடுவாங்களாம். ‘வேலையும் பொழச்சிது, குழியும் பொழச்சிது’ன்னு குதிச்சிக்குனு வந்தாரு மனுசன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது பாய், அழுகையும் வந்தது. எனக்காக நீங்கள் செய்த தியாகம் என்று பன்னிரண்டு வருஷமாக நான் பூஜை பண்ணிக்கொண்டிருந்ததில் பாதி, உங்கள் மூன்றாம் குழியைக் காப்பாற்ற நீங்கள் ஆடிய ஆட்டம். அந்தக் குறும்பை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேனே.

ஆனாலும் நீங்கள் சிரித்துத் தப்பித்துக்கொண்ட மாதிரி என்னால் தப்பித்துக்கொள்ள முடியாது. மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார், மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். மைதானத்தைத் திருப்பியது நான்தான், துணியை மாற்றி வைத்துவிட்டேன் என்று முழுக்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஃபைலைக் கீழே வைத்தார்.

“அப்படியானால் பாய் என்ன தப்பு செய்தார்?” என்று கேட்டார்.

“பாய் எந்தத் தப்பும் செய்யலை சார். அந்த மைதானத்துல சரியான கை அவர் கை ஒண்ணுதான்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஒரு நிமிஷப் பேச்சு. வேலை போகவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை உங்கள் எதிரில் நின்று, நீங்கள் கேட்கும்படி செலவழிக்காமல் போனேனே, அதுதான் பாய் இன்னும் என்னோடு இருக்கிறது.

சாமி